கொள்வுரிமைப் பத்திரமும் சாதாரண பங்கும்: மின்விசைக் கம்பனியொன்றின் வரலாறு தரும் கணக்கு

முற்போக்கு எழுத்துக்களிலே பங்குச் சந்தை பெரும்பாலும் ஒரு வசைச்சொல்லாகவே இடம்பெற்று வந்துள்ளது. அது சூதாட்டம் என்று கூறிய அளவில் ஆய்வு முற்றுப்பெற்றதாக நாம் அமைதி கொள்கின்றோம். புனைகதை ஆசிரியர் சிலர் இதனினும் மேலாகச் செய்துள்ளனர். எமில் ஸோலா பாரிஸ் பங்குச் சந்தையைக் களமாகக் கொண்டு 1891 ஆம் ஆண்டிலே ‘பணம்’ எனும் நாவலை வெளியிட்டார். அமெரிக்கரான தியடோர் டிரைசர் 1912 இலும் 1914 இலும் வெளியிட்ட இரு நாவல்கள், நகரங்களின் பொதுச் சேவைகளைக் கைப்பற்றும் நிதியாளன் ஒருவனது எழுச்சியைச் சித்திரிப்பன. எனினும் இவ்விருவரது கவனமும் ஊகவாணிகனின் வேட்கையிலேயே பெரிதும் நிலைத்துவிட்டது. அவன் கையிலிருந்த தாளில் எழுதப்பட்டிருந்த வாசகம் என்ன என்பது அவர்களைப் பெரிதும் ஈர்க்கவில்லை. இலக்கிய ஆய்வாளராகிய நாம் இப்பொருளிற் புகுவதற்கு அதுவே காரணம். நிதிப் பத்திரமும் ஒரு பனுவலே. அதன் ஒவ்வொரு தொடரும் எவருக்கோ ஒன்றை அளிக்கின்றது. எவரிடமிருந்தோ அதனை எடுத்தே அளிக்கின்றது. எடுக்கப்படுபவரின் பெயர் அப்பனுவலில் எழுதப்படுவதில்லை என்பதே அதனை ஊன்றி வாசிக்க வேண்டிய தேவையைத் தோற்றுவிக்கின்றது.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது ‘வொறன்ட்’ எனப்படும் பத்திரமாகும். நீதிமன்றப் பிடியாணையையும் ஆங்கிலத்தில் அச்சொல்லாலேயே குறிப்பர். அதனோடு மயங்காதிருத்தற்பொருட்டு இதனைக் கொள்வுரிமைப் பத்திரம் என வழங்குவோம். ஒரு கம்பனியின் சாதாரண பங்கினை, முன்னரே குறிக்கப்பட்ட விலைக்கு, குறித்த காலத்துள் அக்கம்பனியிடமிருந்தே வாங்கிக்கொள்ளும் உரிமையை இது தருகின்றது. வாங்க வேண்டும் என்ற கடப்பாட்டை அது விதிப்பதில்லை. சாதாரண பங்குடையவன் கம்பனியின் இடரை ஏற்றுக்கொள்பவன், பங்கிலாபம் பெறத்தக்கவன், பொதுக்கூட்டத்தில் வாக்களிப்பவன். கொள்வுரிமைப் பத்திரம் உடையவனுக்கோ பங்கிலாபமும் இல்லை, வாக்கும் இல்லை. நிகழ்காலத்தில் அவனுக்கென்று எதுவுமில்லை எனலாம். ஆயினும் எதிர்காலத்தில் பங்கின் பெறுமதி உயருமாயின் அவ்வுயர்வின் ஒரு கூறு அவனுக்கு உரியதாகின்றது.

பார்வைக்கு இது செலவற்ற கொடையாகவே தோன்றும். கம்பனியின் பெட்டகத்திலிருந்து ஒரு சதமேனும் வெளியே செல்வதில்லை. முன்னுரிமைப் பங்கையோ கடன் முறியையோ விற்கும்போது இலவச இணைப்பாக இதனைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. இவ்விலவசத்தின் உண்மை விலையை ஒரு சிறு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். 100,000 ரூபா பெறுமதியான ஒரு கம்பனிக்கு 1,000 பங்குகள் உள்ளன எனக் கொள்வோம். பங்கு ஒன்றின் பெறுமதி 100 ரூபா. அக்கம்பனி, 25 ரூபாவுக்கு ஒரு பங்கு வாங்கும் உரிமையளிக்கும் 1,000 பத்திரங்களையும் முன்னரே வழங்கியுள்ளது. உரிமையாளர் யாவரும் அவ்வுரிமையைப் பயன்படுத்தினால் 25,000 ரூபா உள்ளே வரும். கம்பனியின் பெறுமதி 125,000 ரூபாவாகும். ஆனால் பங்குகளோ இப்பொழுது 2,000. ஒரு பங்கின் பெறுமதி 62 ரூபா 50 சதமாக இறங்கிவிடுகின்றது. பழைய பங்காளன் இழந்தது 37 ரூபா 50 சதம். 25 ரூபா கொடுத்து 62 ரூபா 50 சதம் பெறுமதியான பங்கினைப் பெற்ற பத்திரக்காரனுக்குக் கிடைத்த ஆதாயமும் அதே 37 ரூபா 50 சதம். ஒரு சதமேனும் கூடவுமில்லை, குறையவுமில்லை. புதிய செல்வம் எதுவும் இங்கு தோன்றவில்லை. உள்ளது ஐதாக்கப்பட்டது, அவ்வளவே. பாலுக்கு நீர் சேர்ப்பவன் பாலைப் பெருக்குவதில்லை என்பதை விளங்கிக்கொள்ளப் பொருளியற் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் நீர் சேர்க்கும் உரிமையையே தனியானதொரு பண்டமாக்கிச் சந்தையில் விற்க முடியும் என்பது நிதி மூலதனத்தின் கண்டுபிடிப்பாகும்.

மார்க்ஸ் எழுதி விட்டுச்சென்றவற்றிலிருந்து எங்கெல்ஸ் 1894 இல் பதிப்பித்த ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் கற்பனை மூலதனம் பற்றிய ஆய்வு இடம்பெறுகின்றது. எதிர்கால வருவாய் மீதான உரிமைத்தாள், தானே மூலதனம் போன்று விலை பெற்றுச் சுழல்வதை அது விளக்குகின்றது. பங்கு அத்தகைய ஒரு தாள். அவ்வாறாயின் கொள்வுரிமைப் பத்திரம் தாளின் மீது எழுந்த தாள், நிழலின் நிழல். ருடோல்ப் ஹில்பர்டிங் 1910 இல் வெளியிட்ட ‘நிதி மூலதனம்’ எனும் நூலில், கம்பனியைத் தோற்றுவிப்போர் வருங்கால இலாபத்தை முன்கூட்டியே தமதாக்கிக்கொள்ளும் முறையைத் தோற்றுவிப்பாளர் இலாபம் எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். அவர் கூறிய அவ்விலாபத்தை எவ்வித முதலீடுமின்றி எவ்வளவு தூரத்துக்குக் கொண்டு செல்லலாம் என்பதற்கு, அந்நூல் வெளிவந்து இருபது ஆண்டுகள் நிறையுமுன்னரே சான்று கிடைத்தது. அச்சான்றுதான் ‘அமெரிக்கன் அன்ட் பொறின் பவர்’ எனும் கம்பனி.

ஜெனரல் இலெக்ற்றிக் நிறுவனம் 1905 இல் ‘இலெக்ற்றிக் பொண்ட் அன்ட் ஷெயர்’ எனும் தாய்க் கம்பனியை அமைத்தது. சிறு மின் கம்பனிகளின் பங்குகளை உடைமையாகக் கொண்டு, அவற்றை நிருவகித்து, அந்நிருவாகத்துக்கென அவற்றிடமே கட்டணமும் பெறுவது அதன் தொழில். அமெரிக்காவுக்கு வெளியே இதே முறையை விரிப்பதற்காக அது 1923 இல் தோற்றுவித்ததே மேற்கூறிய கம்பனியாகும். கியூபா, பனாமா, குவாத்தமாலா ஆகியவற்றில் தொடங்கிய அதன் ஆட்சி, அத்தசாப்தம் முடிவதற்குள் மெக்சிக்கோ, கொலம்பியா, பிரேசில், சிலி, ஆர்ஜென்ரீனா என இலத்தீன் அமெரிக்காவின் பெரும் பகுதிக்குப் பரவிற்று. 1929 இல் சாங்காய் நகரசபையிடமிருந்து அந்நகரின் மின் நிலையத்தையும் அது வாங்கியது. ஏகாதிபத்தியம் என்றதும் பீரங்கிப் படகை எண்ணும் நமது பழக்கத்துக்கு இங்கு ஒரு திருத்தம் வேண்டியுள்ளது. வீட்டுச் சுவரிற் பொருத்தப்பட்ட மின்மானியும் அதன் கருவிகளுள் ஒன்று.

இவ்விரைவான விரிவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கடன் முறிகளும் முன்னுரிமைப் பங்குகளும் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. தாய்க் கம்பனி பெரும்பாலும் இரண்டாம் நிலை முன்னுரிமைப் பங்குகளைத் தானே எடுத்துக்கொண்டது. இப்பங்குகளுடனேயே கொள்வுரிமைப் பத்திரங்கள் இணைக்கப்பட்டிருந்தன: 100 டொலர் முன்னுரிமைப் பங்கு ஒன்றுக்கு நான்கு பத்திரங்கள். ஒவ்வொரு பத்திரமும் 25 டொலருக்கு ஒரு சாதாரண பங்கினை வாங்கும் உரிமையைத் தந்தது. ரொக்கமாகச் செலுத்த விரும்பாதவர், அம்முன்னுரிமைப் பங்கினையே 100 டொலராகக் கணக்கிட்டு ஒப்படைத்து, நான்கு சாதாரண பங்குகளைப் பெறவும் இடமிருந்தது. இவ்வுரிமைக்குக் கால எல்லை எதுவும் குறிக்கப்படவில்லை. ஒரு கடன் போலக் கொடுத்து, அதற்குரிய பங்கிலாபத்தையும் பெற்று, நிலைமை சாதகமாயின் அதே பணத்தைக்கொண்டு உடைமையாளராகவும் மாறலாம். சாதகமற்றதாயின் கடன் கொடுத்தவராகவே நின்றுவிடலாம். சொல்லமைதியில் இவ்வளவு நேர்த்தியான பனுவல்கள் சிலவே உள.

1929 ஆம் ஆண்டின் உச்ச நிலையில் இக்கம்பனியின் சாதாரண பங்கு 199 டொலர் வரை விலைபோயிற்று. 25 டொலர் உரிமைப் பத்திரத்தின் விலை ஏறத்தாழ 174 டொலர். சந்தையிலிருந்த சாதாரண பங்குகள் 20 இலட்சத்துக்கும் குறைவு. பத்திரங்களோ சுமார் 70 இலட்சம். நீர், பாலினும் மூன்று மடங்குக்கு மேற்பட்டிருந்தது என்பதே இதன் பொருள். அப்பத்திரங்களின் மொத்தச் சந்தைப் பெறுமதி 100 கோடி டொலரைத் தாண்டிற்று. அவ்வாண்டிலே கடன் வட்டியும் முன்னுரிமைப் பங்கிலாபமும் போகச் சாதாரண பங்காளருக்கென எஞ்சிய இலாபம் ஒரு கோடி டொலரையேனும் எட்டவில்லை என்பதை இதனோடு ஒப்பவைத்து நோக்குதல் வேண்டும். பத்திரங்களைக் கணக்கில் எடாது, 199 டொலர் விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் மட்டும் பெருக்கிப் பார்த்தவனுக்குக் கம்பனியின் விலை 40 கோடி டொலருக்கும் குறைவாகவே தெரிந்திருக்கும். உண்மையில் அவன் 150 கோடிக்கும் மேலான விலையை ஒப்புக்கொண்டுதான் அப்பங்கினை வாங்கினான். அவனுக்கு எவரும் பொய்யுரைக்கவில்லை. பத்திரங்களின் எண்ணிக்கை கம்பனி அறிக்கைகளில் இருந்தது. பங்கின் விலையை மட்டும் பார்த்து வாசித்தவன் அதனைக் கணக்கிற் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் ஒரு மார்க்சியர் அல்லர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றியவரும் தாமே முதலீட்டாளராக விளங்கியவருமான பெஞ்சமின் கிரஹாம், டேவிட் டொட்டுடன் இணைந்து 1934 இல் வெளியிட்ட பத்திர ஆய்வு நூலில் இக்கம்பனியை விரிவான உதாரணமாக எடுத்துக்கொண்டார். கொள்வுரிமைப் பத்திரத்தின் பெறுமதி முழுவதும் சாதாரண பங்கிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதே என்பது அவரது முடிவு. பிற்காலத்து நூலொன்றில் அவர் இப்பத்திரங்களைக் கிட்டத்தட்ட மோசடி என்றே சாடினார். முதலாளித்துவத்தின் உள்ளிருந்து எழுந்த இக்குரலை நாம் மதிக்கவேண்டும். பொதுவாக முற்போக்காளர் தமது எதிரியின் கணக்கேடுகளை அவரளவுக்குப் பொறுமையுடன் வாசித்ததில்லை. ஆயின் கிரஹாமின் நோக்கு ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. அவர் கண்ட பாதிப்புற்றோன் சாதாரண பங்காளன். பத்திரக்காரன் பங்காளனிடமிருந்து எடுத்தான் என்பது சரியே. பங்காளன் எவரிடமிருந்து எடுத்தான் என்பது அவரது வினாவன்று. நமது வினா அதுவேயாகும்.

அவ்வினாவுக்கு விடைதேடி நாம் நியூயோர்க்கிலிருந்து ஹவானாவுக்குச் செல்லவேண்டியுள்ளது. கியூபாவின் மின்வழங்கலில் மிகப் பெரும் பகுதி இக்கம்பனியின் கையிலிருந்தது. 1925 இல் சனாதிபதியான ஹெராடோ மச்சாடோ, பதவிக்கு வருமுன் மின் கம்பனித் தொழிலில் ஈடுபட்டிருந்தவர். இக்கம்பனியினருடன் நெருங்கிய தொடர்புடையவர். சீனியின் விலை வீழ்ந்து, வேலையும் கூலியும் அருகிய முப்பதுகளின் தொடக்கத்தில், மின்கட்டணம் அத்தீவின் அரசியற் பிரச்சினைகளுள் ஒன்றாகியது. கட்டணம் செலுத்த மறுக்கும் இயக்கங்கள் எழுந்தன. 1933 ஓகஸ்ட் மாதத்துப் பொது வேலைநிறுத்தத்தின் மத்தியில் மச்சாடோ நாட்டை விட்டோடினார். பின்னர் அமைந்த கிராவு சன் மார்ட்டின் அரசில் உள்நாட்டமைச்சராயிருந்த அந்தோனியோ கித்தேராஸ், அவ்வாண்டு டிசம்பரில் மின்கட்டணத்தைக் கணிசமாகக் குறைக்கும் ஆணையைப் பிறப்பித்தார். தொழிலாளர் பிணக்கொன்றைத் தொடர்ந்து 1934 சனவரியில் கம்பனியின் நிருவாகத்தையே அரசு பொறுப்பேற்றது. ஓரிரு நாட்களில் அவ்வரசு வீழ்ந்தது. அடுத்து வந்த மெண்டியெற்றா ஆட்சி கம்பனியை உரிமையாளரிடமே மீள ஒப்படைத்தது. கித்தேராஸ் 1935 மே மாதத்திற் சுட்டுக்கொல்லப்பட்டார்.

ஹவானாவின் மின்கட்டணத்தை நியூயோர்க்கின் கொள்வுரிமைப் பத்திரம் நேரடியாக நிர்ணயித்தது என நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமாகும். பங்கினதும் பத்திரத்தினதும் விலைகள் சந்தை மனநிலையின்படி ஏறியிறங்கின. கட்டணம் சலுகை ஒப்பந்தங்களின்படி அமைந்தது. ஆனால் கட்டணம் குறையாது எனும் நம்பிக்கையன்றி 174 டொலர் என்ற விலைக்கு வேறு ஆதாரம் கிடையாது. கடன் முறிக்கு வட்டி, அதன்பின் முதல் நிலை முன்னுரிமைப் பங்கு, அதன்பின் இரண்டாம் நிலை, அதன்பின் சாதாரண பங்கு, அதற்கும் மேலே பத்திரம் என அடுக்கப்பட்ட மாடங்கள் யாவும் ஒரே அத்திவாரத்தின் மீது நின்றன. அது இலத்தீன் அமெரிக்க நகரத்து வீட்டுக்காரியும் பட்டறை முதலாளியும் மாதந்தோறும் செலுத்திய பணமும், மின் தொழிலாளியின் கூலிக்கும் உழைப்புக்கும் இடையிலிருந்த வேறுபாடுமே. கித்தேராஸின் ஆணையிலே கொள்வுரிமைப் பத்திரம் பற்றி ஒரு சொல்லும் இடம்பெற வேண்டியிருக்கவில்லை. கட்டணத்தைத் தொட்டதே போதுமாயிருந்தது.

அத்திவாரம் அசைந்தபோது மாடங்கள் மேலிருந்து கீழாகச் சரிந்தன. 1932 அளவில் அப்பங்கின் விலை சில டொலர்களாகியிருந்தது. 25 டொலர் கொடுத்து அதனை வாங்கும் உரிமைக்கு எவரும் மதிப்பளிக்க வேண்டிய தேவையிருக்கவில்லை. 1928 இல் அமெரிக்க மூதவை உத்தரவிட்ட மின் கம்பனிகள் பற்றிய விசாரணையின் அறிக்கைகள் பல தொகுதிகளாகப் பெருகின. அவற்றின் வழியே 1935 இல் தாய்க் கம்பனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. மறுசீரமைப்பின்போது பழைய பத்திரக்காரர்கள் தமக்கும் ஒரு பங்கு வேண்டுமென வழக்காடினர். நயாகரா ஹட்சன் எனும் மற்றொரு மின் கம்பனியின் காலவரையறையற்ற பத்திரங்கள் தொடர்பான வழக்கில், பங்கின் விலை குறித்த விலையை எட்டுமென நியாயமாக எதிர்பார்க்க முடியாதவிடத்து அவற்றை ஈடின்றி நீக்கலாம் என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1951 இல் தீர்ப்பளித்தது. என்றென்றைக்கும் எனும் சொல் ஒப்பந்தத்தில் எவ்வளவு காலத்துக்குப் பொருள் தரும் என்பதற்கு இத்தீர்ப்பு சுவையானதொரு விளக்கம். 1952 இல் நடைமுறைக்கு வந்த ‘அமெரிக்கன் அன்ட் பொறின் பவர்’ மறுசீரமைப்பிலும் ஒரு காலத்தில் 100 கோடி டொலருக்கு மேல் விலைபெற்ற பத்திரங்களுக்கு எதுவும் கிட்டவில்லை.

மின்மானிகளோ தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. பிரேசிலின் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில் லியனல் பிரிசோலாவின் ஆட்சி 1959 இல் இக்கம்பனியின் கிளையைப் பறிமுதல் செய்தது. 1960 ஓகஸ்ட் 6 ஆம் திகதி கியூபப் புரட்சி அரசு தேசியமயமாக்கிய நிறுவனங்களுள் கியூப மின்சாரக் கம்பனியும் ஒன்று. அதற்கான நட்டஈட்டுக் கோரிக்கையை அமெரிக்க ஆணைக்குழு 26 கோடி 75 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையாக உறுதிப்படுத்தியது. கியூபாவுக்கெதிராக உறுதிப்படுத்தப்பட்ட கோரிக்கைகளுள் மிகப் பெரியது அதுவே. அக்கோரிக்கையின் பிற்கால வரலாறு விநோதமானது. தாய்க் கம்பனியின் வாரிசு 1969 இல் மரமும் கடதாசியும் விற்கும் பொய்சி கஸ்கேட் நிறுவனத்துடன் இணைந்தது. அதன்வழி கோரிக்கை அலுவலக எழுதுபொருள் விற்கும் ஒவ்வீஸ்மக்ஸ் நிறுவனத்துக்கும், 2013 இல் ஒவ்வீஸ் டிப்போவுக்கும் சென்றடைந்தது. ஹவானாவில் ஒரு மின்விளக்கையேனும் ஏற்றியறியாத நிறுவனம் அம்மின்சாரத்துக்கான கடன்காரனாயிற்று.

கருவி வர்க்கச் சார்பற்றது, கையாள்பவரே அதனைத் தீர்மானிக்கின்றனர் என ஒருவர் வாதிக்கலாம். அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. முறிவின் விளிம்பில் நின்ற கிறைஸ்லர் மோட்டார்க் கம்பனிக்கு அமெரிக்க அரசு 1980 இல் கடன் உத்தரவாதம் அளித்தபோது, 13 டொலர் வீதம் 1 கோடி 44 இலட்சம் பங்குகளை வாங்கும் உரிமையைப் பெற்றுக்கொண்டது. 1983 இல் பங்கு விலை உயர்ந்ததும் அப்பத்திரங்களை விட்டுக்கொடுக்குமாறு கம்பனி கேட்டது. அரசு மறுத்து ஏலத்தில் விட்டது. கம்பனியே ஏறத்தாழ 31 கோடி டொலருக்கு அவற்றை மீள வாங்கியது. இலவசமெனக் கையெழுத்திட்ட பத்திரத்தின் விலையை ஒரு கம்பனி தன் கைப்பணத்தால் எண்ணிக்கொடுத்த அரிய சந்தர்ப்பம் அது. கூலியில் பெரும் விட்டுக்கொடுப்பைச் செய்த தொழிலாளருக்கு வழங்கப்பட்டது சாதாரண பங்கு. ஆகவே இடரை ஏற்றோர் அவர்கள். இடரின்றி ஆதாயம் பெறும் இடத்தில் இம்முறை திறைசேரி இருந்தது. கருவியின் அமைப்பு மாறவில்லை.

இவ்வமைப்பு கம்பனி எனும் எல்லையையும் இன்று கடந்துவிட்டது. 2005 இல் ஆர்ஜென்ரீனா தன் கடனை மறுசீரமைத்தபோது, மொத்த உள்நாட்டு உற்பத்தி குறித்த அளவைத் தாண்டினால் மேலதிகப் பணம் தரும் பத்திரங்களைப் புதிய முறிகளுடன் இணைத்துக் கொடுத்தது. முதலில் சந்தை அவற்றை அற்பமாகவே மதித்தது. பின்னர் நாடு வளர்ந்தது. அதற்காக அந்நாடு செலுத்திய தொகை 1,000 கோடி டொலரை அண்மித்தது. உற்பத்தியைக் கணக்கிடும் அடிப்படை ஆண்டு மாற்றப்பட்டமை தொடர்பாக எழுந்த வழக்கில், மேலும் 130 கோடி யூரோவுக்கு மேற்பட்ட தொகையைச் செலுத்துமாறு இலண்டன் நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்தது. இங்கு சாதாரண பங்காளனின் இடத்தில் இருப்பவர்கள் ஒரு நாட்டின் குடிமக்கள். ஐதாக்கப்படுவது அவர்களது வளர்ச்சி.

நமது நாடு 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. 2024 டிசம்பரில் சர்வதேச இறைமை முறிகள் மாற்றப்பட்டபோது, புதிய முறிகளுட் பெரும்பாலானவை பேரினப் பொருளாதாரத்தோடு இணைக்கப்பட்டவையாக அமைந்தன. இவை சட்டப்படி கொள்வுரிமைப் பத்திரங்கள் அல்ல. தனியே பிரித்து விற்கத்தக்கனவும் அல்ல. ஆயினும் 2025 முதல் 2027 வரையான ஆண்டுகளில் டொலரிற் கணிக்கப்படும் உள்நாட்டு உற்பத்தியின் சராசரி குறித்த படிகளைத் தாண்டின், 2028 இலிருந்து முதலும் வட்டியும் மேல்நோக்கித் திருத்தப்படும் எனும் வாசகம் அவற்றில் உள்ளது. தேயிலைத் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் மத்திய கிழக்கின் வீட்டு வேலையிலும் ஈட்டப்படும் டொலருக்கும் நாணய மாற்று விகிதத்துக்கும் அவ்வாசகத்துக்கும் உள்ள தொடர்பைத் தமிழிலோ சிங்களத்திலோ விளக்கும் பணியை, அம்முறிகளின் ஆங்கிலப் பனுவலைப் பக்கம் பக்கமாக வாசிப்பதிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.